நல்ல கருப்பு

ஜூன் 3, திங்கள்

பள்ளிக்கூடங்கள் இன்று திறந்தன. வாணி வேலைக்குப் போகவில்லை. மருத்துவ விடுப்பு செப்டம்பர் வரை இருக்கிறது. "டிராயிங் கிளாஸ் தானே, நாங்க பாத்துக்கறோம்" என்று தலைமை ஆசிரியர் போனில் சொன்னாராம். ஆறுதலுக்குத்தான் சொல்லியிருப்பார். காலையிலிருந்து அவள் முகம் சரியில்லை.

அலுவலகத்தில் புது வேலை. முதியோர் இல்லங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஒரு சுவர்க் கடிகாரம். கடிகாரம் என்பது பேருக்குத்தான். உள்ளே ஒரு சின்ன கேமராவும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசும் நான்கு விளக்குகளும் இருக்கும். இருட்டில் கட்டிலில் கிடப்பவரை அது பார்த்துக்கொண்டே இருக்கும். உடம்பு விடாமல் உதறினாலோ, ஆள் கீழே விழுந்தாலோ உரியவரின் போனில் அலாரம் அடிக்கும். உள்வேலை எல்லாம் முடிந்துவிட்டது. முகத்தகடு மட்டும் என் பொறுப்பு. நம் கண்ணுக்கு அது சுத்தக் கருப்பாகத் தெரிய வேண்டும். அகச்சிவப்புக்கு அது ஜன்னல் கண்ணாடி மாதிரி வழிவிட வேண்டும்.

"கேமரா இருக்கறதே தெரியக்கூடாதுங்க தனபால் சார். தெரிஞ்சா யாரும் ரூம்ல மாட்ட விடமாட்டாங்க" என்றார் ஜெரால்டு. என்னைவிட இளையவர், எங்கள் பிரிவுத் தலைவர். நல்ல மனிதர்தான், ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதைத் தவிர.

ஜூன் 5, புதன்

மாதிரித் தகடுகள் வந்தன. மேசையில் பரப்பி வைத்தால் எல்லாம் ஒரே கருப்பு. ஆனால் கருப்பில் இரண்டு ஜாதி. வாளி, பைப், குப்பைக்கூடை எல்லாம் கரித்தூள் போட்ட கருப்பு. கரி எந்த ஒளியையும் விடாது, அகச்சிவப்பையும் சேர்த்து விழுங்கிவிடும். நமக்கு வேண்டியது சாயக் கருப்பு. நீலத்தை ஒரு சாயம் தடுக்கும், பச்சையை ஒன்று, சிவப்பை ஒன்று. எல்லாம் சேர்ந்து கண்ணுக்குக் கருப்பாகிவிடும். அகச்சிவப்பை மட்டும் எந்தச் சாயமும் கண்டுகொள்ளாது.

நான்கைந்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆஸ்பத்திரிக் கருவி ஒன்றுக்கு என்று வாணியிடம் சொன்னேன். அவள் ஒரு தகட்டை எடுத்து ஜன்னல் வெயிலுக்கு நேராகப் பிடித்தாள்.

"இது கருப்பு இல்லீங்க. ரொம்பக் கருத்த செவப்பு."

"இன்னொன்னு பாரு."

"இது கருநீலம். இது மட்டுந்தான் நல்ல கருப்பு." அவள் கடைசியாகக் காட்டியது ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த கரித்தகடு.

அவளுக்காக ஒரு வேடிக்கை செய்து காட்டினேன். டிவி ரிமோட்டின் முன்னால் கரித்தகட்டை வைத்து அழுத்தினால் சேனல் மாறவில்லை. சாயத்தகட்டை வைத்தால் மாறுகிறது. ரிமோட்டின் முனையைப் போன் கேமராவில் பார்க்கச் சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி போனில் ஊதாப் பொட்டாக மின்னியது. "அட, இத்தன நாளா இது எரிஞ்சுட்டா இருந்துச்சு!" என்று சிரித்தாள். மார்ச்சுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கரித்தகட்டையும் சாயத்தகட்டையும் மாற்றி மாற்றி வைத்து, சமையல் முடியும்வரை விளையாடிக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 8, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. வேறொன்றுமில்லை.

ஜூன் 10, திங்கள்

நரம்பு டாக்டரிடம் போனோம். முதல் வலிப்பு மார்ச்சில், வகுப்பறையில். பிறகு இரண்டு முறை தூக்கத்தில். இரண்டாவதை நான் பக்கத்தில் படுத்திருந்து பார்த்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

"தூக்கத்துல வந்தா பிடிச்சு அமுக்காதீங்க. ஒருக்களிச்சுத் திருப்பி விடுங்க, எச்சில் உள்ள போகாம இருக்கும். எத்தனை நிமிஷம்னு குறிச்சு வைங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா உடனே கூட்டிட்டு வந்துடணும்" என்றார் டாக்டர். அப்புறம் மருந்துச் சீட்டிலிருந்து நிமிராமலே, "பக்கத்துல யாராச்சும் படுத்துக்கறீங்கல்ல?" என்றார்.

வாணி என்னைப் பார்த்தாள். "கதவைத் திறந்துதான் வச்சிருக்கோம்" என்றேன்.

ஏப்ரலிலிருந்து நான் ஹாலில் திவானில் படுக்கிறேன். முதுகுவலி. படுக்கையறை மெத்தை ரொம்ப மிருது, திவான் கெட்டி. அவளுக்கும் இது தெரியும்.

ஏப்ரலில் அவளுடைய அண்ணன் வந்தபோது, அறையில் ஒரு கேமரா மாட்டிவிடலாமே என்றார். வாணி எழுந்து உள்ளே போய்விட்டாள். பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள்: "வகுப்புல அறுவது பிள்ளைங்க சுத்தி நின்னு பாத்துச்சுங்க. எம்பட சேலை எப்படிக் கெடந்துச்சுன்னுகூட எனக்குத் தெரியாது. இனி நான் அறியாம என்னைய யாரும் பாக்கக்கூடாதுங்க." சரி என்றேன்.

ஜூன் 14, வெள்ளி

மருத்துவமனைகளில் எதையும் ஸ்பிரிட் போட்டுத்தான் துடைப்பார்கள். அக்ரிலிக் தகட்டில் திருகாணி ஓட்டையைச் சுற்றி ஸ்பிரிட் பட்டதும் முடிமுடியாக விரிசல் ஓடியது. பளபளப்பும் தெளிவும் அதில்தான் அதிகம், பிரயோஜனமில்லை. பாலிகார்பனேட் தாங்கியது, தரையில் போட்டாலும் உடையவில்லை. அதையே எடுப்பதென்று முடிவு.

மேல்பக்கம் சொரசொரப்பாக இருந்தால் விரல் ரேகை படியாது என்று ஜெரால்டு சொன்னார். செய்து பார்த்தோம். படம் பால் ஊற்றியதுபோல மங்கிவிட்டது. பளபளப்புத்தான். ரேகையைத் துடைத்துக்கொள்ளட்டும்.

ஜூன் 20, வியாழன்

தகடு அடித்துத் தருபவர் சின்னராஜ், கணபதி பகுதியில் பட்டறை. முதல் தொகுதி வந்தது. மாட்டினால் படமே இல்லை, அமாவாசைதான். கேமராவை மாற்றினோம், விளக்குகளை மாற்றினோம், ஒன்றும் ஆகவில்லை. மதியத்துக்கு மேல் எனக்குச் சந்தேகம் வந்து ஒரு தகட்டை வெயிலில் பிடித்தேன். சிவப்பே தெரியவில்லை. நேராகப் பட்டறைக்குப் போனேன்.

"பிளாஸ்டிக் குருணையில எதாச்சும் சேத்தீங்களா?"

சின்னராஜ் முகமெல்லாம் பெருமை. "நீங்க குடுத்த குருணையில அடிச்சுப் பாத்தேனுங்க சார். டியூப்லைட்டுல காட்டுனா செவசெவன்னு தெரியுது. கருப்பு பத்தலையாட்டம் இருக்குதுன்னு எம்பட கரித்தூள் மாஸ்டர்பேட்ச் ஒரு கை சேத்துப்போட்டேன். காசுகூட வேண்டாமுங்க. இப்பப் பாருங்க, நல்ல கருப்பு."

கருப்பைக் கேட்டவனுக்குக் கருப்பைக் கொடுத்திருக்கிறார், திட்டுவதற்கு வாய் வரவில்லை. எல்லா வாடிக்கையாளரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வெளுப்பு என்று திருப்பி அனுப்புவார்களாம், அந்தப் பழக்கம். சிவப்பு தெரிய வேண்டும், அதுதான் நமக்கு அடையாளம் என்று விளக்கினேன். "அப்பறம் எதுக்குங்க அதைக் கருப்புங்கறீங்க?" என்று கேட்டார்.

வீணான தகடுகளில் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துவந்தேன். வாணி எண்ணெய் பாட்டில்களுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

ஜூன் 24, திங்கள்

இரண்டாவது தொகுதி சரியாக வந்தது. படம் தெளிவு. தகட்டுக்குள்ளேயே ஒளி பிரதிபலித்து லென்ஸில் புகை மாதிரி விழுந்தது, லென்ஸைச் சுற்றி ஒரு ஸ்பாஞ்ச் வளையம் வைத்ததும் போய்விட்டது.

நிஜமான ஒரு அறையில், நிஜமான ஒரு ஆளை வைத்து மூன்று வாரம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார் ஜெரால்டு. தெரிந்த இடம் ஒன்று இருக்கிறது என்றேன். "பேஷண்ட் வீட்ல சம்மதிச்சுட்டாங்களா?" என்று கேட்டார். வீட்டில் பேசிக்கொள்கிறேன் என்றேன். அறிக்கையில் 'சோதனை அறை' என்று எழுதியிருக்கிறேன். அது எங்கள் படுக்கையறை.

ஜூன் 25, செவ்வாய்

கடிகாரத்தைக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன். அகச்சிவப்பு விளக்குகள் எப்போதும் எரியும், பதிவு மட்டும் இரவு பத்து மணிக்கு மேல்தான். கம்பெனி ஆண்டு விழாவுக்குக் கொடுத்தது என்று சொன்னேன். வாணி வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டயல் நல்ல கருப்புங்களா?"

"ம்."

"சரி" என்றாள். சோறு வடிக்கப் போய்விட்டாள்.

தெரிந்தால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். தெரியாமல் இருப்பதுதான் அவளுக்கு நல்லது.

ஜூன் 28, வெள்ளி

காலையில் அலுவலகம் வந்ததும் முந்தைய இரவுப் பதிவை ஓட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. குறிப்புகள்: அகச்சிவப்பில் துணிச்சாயம் தெரிவதில்லை. கருநீல நைட்டி வெள்ளையாக இருக்கிறது. போர்வையின் பூக்களைக் காணோம். சோதனை நபர் கட்டிலின் இடது பக்கம், சுவர் ஓரமாகத் தூங்குகிறார். அது என் பக்கம். என் தலையணை ஹாலில் இருப்பதால் கையை மடித்துத் தலைக்கு வைத்திருக்கிறார்.

நடுவில் ஒருமுறை எழுந்து உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி பார்க்கிறார் என்று குறித்தேன். விளக்கில்லாமல் முள் தெரியாதே என்று பிறகு தோன்றியது. பழக்கமாக இருக்கலாம்.

ஜூலை 1, திங்கள்

மின்கட்டணம் கட்டினேன். தவறான அலாரம் ஏதுமில்லை. வாணி தினமும் கடிகாரத்தைத் துணியால் துடைக்கிறாள். ரேகை படிவதில்லை.

ஜூலை 4, வியாழன்

அமைப்பு வேலை செய்கிறது. முதல் அலாரம் நேற்று இரவு அடித்தது. போன் அதிர்ந்ததும் எழுந்தேன். கதவு திறந்தே இருந்தது. இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. போனில் படமும் வந்துகொண்டிருந்தது, தெளிவாக. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு படத்தைப் பார்த்தேன். நேரத்தைக் குறிக்க வேண்டியிருந்தது. ஐந்து நிமிடத்தைத் தாண்டியிருந்தால் உள்ளே போயிருப்பேன். பிறகு அவளாகவே தூங்கிவிட்டாள்.

காலையில் கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, ராத்திரி எதாச்சும் வந்துச்சுங்களா? நாக்கு ஓரத்துல கடிச்ச மாதிரி இருக்குது."

"இல்லையே. நல்லாத் தூங்கினே."

"உங்களுக்குச் சத்தம் ஒண்ணும் கேக்கலீங்களா?"

"இல்லை. காரம் ஏதாவது பட்டிருக்கும்."

அவள் தோசை ஊற்றப் போனாள். எனக்கு மூன்று, அவளுக்கு ஒன்று.

ஜூலை 5, வெள்ளி

டாக்டருக்குப் போன் செய்து நிமிடக் கணக்கைச் சொன்னேன். மாலை மாத்திரையை ஒன்றிலிருந்து ஒன்றரையாக்கச் சொன்னார். வாணியிடம் சொன்னேன்.

"திடீர்னு எதுக்குங்க கூட்டறாரு?"

"பொதுவாத்தான். ஒரு பாதுகாப்புக்கு."

"பொதுவாவா?" என்றாள். மாத்திரையை அரிவாள்மனையில் வைத்துப் பாதியாக வெட்டினாள். மறுபாதி எகிறி அடுப்படிக்குள் போய்விட்டது. இருவரும் தேடினோம். கிடைக்கவில்லை.

ஜூலை 8, திங்கள்

சனிக்கிழமை இரவிலிருந்து பதிவு முழுக்க இருட்டு. கடிகாரம் ஓடுகிறது, விளக்குகளுக்கு மின்சாரம் போகிறது, கேமராவும் உயிரோடு இருக்கிறது என்றுதான் கணினி காட்டுகிறது. ஆனால் பார்க்க ஒன்றுமில்லை. நேற்று இரவு போனிலும் படம் இருட்டு, ஹாலில் எனக்குத் தூக்கம் வரவில்லை. போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அலாரம் அடிக்காதது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியவில்லை. பயமாக இருந்தது. இரண்டு தரம் எழுந்து கதவுவரை போய், மூச்சுச் சத்தம் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

ஜூலை 9, செவ்வாய்

ரிப்பேர் என்று சொல்லிக் கடிகாரத்தைக் கழற்றினேன். வாணி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். "பாத்து இறங்குங்க, முதுகு புடிச்சுக்கப்போகுது" என்றாள்.

நேராகச் சின்னராஜ் பட்டறைக்குப் போனேன். சாயம் வெயிலில் வெளுக்கலாம், கருக்காது. தகட்டில்தான் கோளாறு, கலவை மாறியிருக்கிறது என்று கத்தினேன். அவர் நிதானமாகக் கை துடைத்துக்கொண்டு, கடிகாரத்தின் நான்கு கொக்கிகளையும் விலக்கி, முகத்தகட்டை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார்.

"சார், இது எம்பட கருப்புங்க."

"எது?"

"மொதல்ல அடிச்சனே, நீங்க வேண்டாம்னு தள்ளுனது. செவப்பே இல்ல பாருங்க." தகட்டின் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார். "கடலை எண்ணெய் வாசம் அடிக்குதுங்க. எங்க வெச்சிருந்தீங்க?"

தகட்டையும் கடிகாரத்தையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் வாணி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சமையல் மேடையில், எண்ணெய் பாட்டிலுக்கு அடியில் இருந்த தகட்டை எடுத்து ஜன்னல் பக்கம் காட்டினேன். ரொம்பக் கருத்த சிவப்பு. மாற்றி வைத்திருக்கிறாள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அந்த வேலையை நான் செய்திருந்தால் இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டேன்.

"எப்பத் தெரியும்?" என்றேன்.

"மாட்டுன அன்னிக்கே தெரியுமுங்க. விளக்கை அணைச்சுப்போட்டுப் போனைத் திருப்புனேன். நாலு ஊதாப் பொட்டு." காம்பைக் கிள்ளித் தட்டில் போட்டாள். "நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"உனக்குப் புடிக்காதுன்னு தெரியும். ஆனா ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா..."

"ஆச்சே. அன்னிக்கு ஆச்சு. பாத்தீங்களா இல்லையா?"

தகட்டை மேடையில் வைத்தேன்.

"பாக்கறீங்க, சரின்னு இருந்தேன். பயந்துதான் மாட்டியிருக்கீங்கன்னு நெனச்சேன். எனக்கும் பயந்தான், எதோ ஒண்ணு பாத்துட்டு இருக்குதேன்னு ஒரு தெம்பாக்கூட இருந்துச்சு. ஆனா அத்தனையும் பாத்துப்போட்டு, காலைல எம்பட மூஞ்சிக்கு நேரா ஒண்ணும் இல்லைன்னீங்க பாருங்க. காரம் பட்டிருக்கும்னீங்க." குரல் உயரவே இல்லை. "எம்பட ஒடம்புக்கு என்ன ஆச்சுன்னு என்னையத் தவிர எல்லாத்துக்கும் தெரியோணுமா? டாக்டருக்குத் தெரியுது, அந்தக் கடியாரத்துக்குத் தெரியுது."

"நான் வாசல்லதான் நின்னேன், வாணி."

எப்படி வாயில் வந்ததென்று தெரியவில்லை. அவள் கத்தியை வைத்துவிட்டாள்.

"வாசல்லயா?"

"உள்ள வர முடியலை."

வெண்டைக்காயை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கேட்டாள்: "முதுகுவலி இப்ப எப்படி இருக்குதுங்க?"

எனக்கு முதுகுவலியே கிடையாது. ஏப்ரல் இரவில் அவள் கண் மேலே செருகியதையும் தொண்டையிலிருந்து வந்த அந்தச் சத்தத்தையும் நான் பார்த்தேன், கேட்டேன். அதை இன்னொரு முறை பக்கத்திலிருந்து பார்க்க என்னால் முடியாது என்று திவானுக்கு ஓடினேன். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கடியாரத்தைத் திரும்ப அங்கயே மாட்டிருங்க, மணி பாக்கறதுக்கு" என்றாள். "இந்தக் கருப்போடவே இருக்கட்டும். என்னையப் பாக்கோணும்னா பக்கத்துல வந்து பாருங்க."

ஜூலை 10, புதன்

தலையணையை எடுத்துக்கொண்டு போனேன். சுவர் ஓரத்தை அவள் விட்டுத்தரவில்லை. "பழகிருச்சுங்க" என்றாள். வலது பக்கம் படுத்தேன். மெத்தை அப்படியொன்றும் மிருது இல்லை.

ஜூலை 12, வெள்ளி

சோதனை அறையில் சோதனை நிறுத்தப்பட்டது என்று ஜெரால்டிடம் சொன்னேன். ஏன் என்றார். சோதனை நபரிடம் கேட்காமலே மாட்டிவிட்டேன் என்றேன். கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

பொருள் தேர்வு அறிக்கையைக் கொடுத்தேன். பாலிகார்பனேட், சாயக் கருப்பு, இரண்டு மில்லிமீட்டர், இரு பக்கமும் பளபளப்பு. அதோடு ஒன்று சேர்த்திருந்தேன்: தகட்டின் கீழ் ஓரத்தில் ஒரு துளை. கேமரா ஓடும்போது அதன் வழியாக ஒரு பச்சை விளக்கு தெரிய வேண்டும்.

"மறைக்கறதுக்குத்தானே சார் இத்தன நாள் பிளாஸ்டிக் தேடினோம்? இப்ப நீங்களே ஓட்டை போடச் சொல்றீங்க."

"படுத்திருக்கறவங்களுக்குத் தெரியணும்" என்றேன். மேலே அனுப்பிப் பார்ப்பதாகச் சொன்னார். அனுப்புவாரா தெரியவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

ரேஷன் கடை. பிறகு வாணி வெகுநாள் கழித்து வண்ணப்பெட்டியை எடுத்தாள். கருப்பு டியூபைத் தொடாமலே நீலத்தையும் சிவப்பையும் பச்சையையும் குழைத்துக் கருப்பு செய்தாள். "உங்க பிளாஸ்டிக்காரங்க இப்படித்தானே பண்றாங்க?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஜூலை 22, திங்கள்

நேற்று இரவு வந்தது. என் தோளில் அவள் கை பட்டு உதறியதில் விழித்தேன். விளக்கைப் போட்டேன். அவளை என் பக்கமாக ஒருக்களித்துத் திருப்பி, தலைக்கு அடியில் என் கையைக் கொடுத்தேன். அந்தச் சத்தம் வந்தது. கண் மேலே போனது. அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன் என்று நினைக்கிறேன். உதறல் அடங்கிய பிறகும் கையை எடுக்கவில்லை, விடியும்போது மரத்துப்போயிருந்தது.

காலையில் கண் விழித்ததும் என் முகத்தைப் பார்த்தாள்.

"வந்துச்சுங்களா?"

"வந்துச்சு."

"பயந்துட்டீங்களா?"

"ரொம்ப."

மரத்துப்போன கையை எடுத்து, அவளே உருவிவிட்டாள்.

அலுவலகம் வந்ததும் டாக்டருக்குப் போன் செய்தேன். எத்தனை நிமிடம் நீடித்தது என்று கேட்டார். நேரம் பார்க்கவில்லை என்றேன். கடிகாரம் எதிர்ச் சுவரில்தான் இருந்தது.